மீன் வயிற்றில் சுருண்டு கிடந்த புழு: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நாகர்கோவிலிலிருந்து:
போன மாதம் குளச்சலில் ஒரு சூரை வாங்கி வந்தேன். வயிற்றைக் கீறியதும் ஈரலின் மேல் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நரம்பு என்று நினைத்துப் பிச்சாத்தி நுனியால் தொட்டேன், மெல்ல நெளிந்தது. பழைய கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரி வட்டமாகச் சுருண்டிருந்தது. நிமிர்த்திப் பார்த்தால் தையல் நூல் கனம், இரண்டு சென்டிமீட்டர் நீளம். எண்ணினேன், ஒன்பது இருந்தது. "மீனுக்குப் புழு இருக்கும் மக்களே, குடலைக் களைஞ்சிட்டு வை" என்றார் மாமி. எனக்கு மனசு வரவில்லை. முழு மீனையும் தென்னைமூட்டில் புதைத்துவிட்டேன். வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

தூத்தூரிலிருந்து:
அக்கா, புதைத்திருக்க வேண்டாம். பதினெட்டு வருடமாகத் தூண்டில் படகில் போகிறேன், பார்க்காத நாளே இல்லை. பெரிய மீன் ஏறியதும் குடலை எடுத்துவிட்டுத்தான் ஐஸில் வைப்போம். மீன் செத்து நேரம் ஆக ஆக, சில புழு குடலை விட்டுச் சதைக்குள் ஏறும்.

தக்கலையிலிருந்து:
நான் கால்நடை மருத்துவர். நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது அனிசாகிஸ் புழுவின் குஞ்சாக இருக்கும். மீன் அதற்கு இடைத்தங்கல்தான். ஓங்கல் (டால்பின்), திமிங்கலம் போன்றவற்றின் இரைப்பையில்தான் அது வளர்ந்து முட்டை போடும். முட்டை கழிவோடு கடலில் விழும், குஞ்சைச் சின்னக் கூனி இறால் வகைகள் தின்னும், அவற்றை மீனும் கணவாயும் தின்னும், அவற்றை மறுபடியும் ஓங்கல் தின்னும். குளிர்கடல்களில் சீல்களுக்கும் இதன் சொந்தக்காரப் புழுக்கள் உண்டு. மனிதர் பச்சையாகத் தின்றால் வயிற்றுச் சுவரைத் துளைத்து உயிர் போகிற வலி கொடுக்கும். 1960இல் நெதர்லாந்தில், பச்சை ஹெர்ரிங் தின்றவர்களிடம்தான் இதை முதலில் அடையாளம் கண்டார்கள். 1968இலிருந்து அங்கே அந்த மீனை உறையவைத்துத்தான் விற்க வேண்டும். நம் குழம்புக் கொதியில் அது பிழைக்காது: மீனின் நடுப்பகுதி 60 டிகிரியைத் தொட்டு ஒரு நிமிடம் இருந்தால் செத்துவிடும். ஆனால் செத்த புழுவும் சிலருக்கு ஒவ்வாமை தரும், அதனால் கண்ணில் பட்டதை எடுத்துவிடுங்கள்.

இனி என் அனுபவம். சில வருடங்களுக்கு முன் கலிபோர்னியாவில் ஒரு கடல் விலங்கு மீட்பு மையத்தில் கொஞ்ச காலம் பயிற்சி எடுத்தேன். சீல் மாதிரியான ஒரு வயது கடல்சிங்கம் ஒன்று வந்தது. விலா எலும்பு தெரிய மெலிந்து, இருமி இருமிச் சளி கக்கியது. அந்தச் சளியை நுண்ணோக்கியில் வைத்தால் புழுக்குஞ்சுகள் துள்ளின. அது நுரையீரல் புழு, அதுவும் மீன் வழியாகத்தான் வரும்.

அதைவிட என்னைக் கலங்கடித்தது கொக்கிப்புழு. கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் இருக்கும் சான் மிகெல் போன்ற தீவுகளில் கடல்சிங்கங்கள் ஆயிரக்கணக்கில் கரையேறிக் குட்டி போடும். புழுக்குஞ்சுகள் தாயின் உடலுக்குள் எந்தத் தொந்தரவும் தராமல் காத்துக் கிடக்கும். குட்டி பிறந்து முதல் சில நாள் குடிக்கும் பாலில் இறங்கும். குட்டியின் குடலில் வாயைப் பதித்து இரத்தம் குடிக்கும். இறந்த குட்டி ஒன்றின் குடலைத் திறந்து காட்டினார்கள். ஈறு தாள் மாதிரி வெளுத்திருந்தது, இரைப்பையில் பால் இன்னும் இருந்தது.

நாகர்கோவிலிலிருந்து:
நேற்று மறுபடியும் சூரை வாங்கினேன். இரண்டு புழு இருந்தது, எடுத்துப் போட்டேன். மாமி குழம்பு வைத்தார், சாப்பிட்டோம். அந்தக் குட்டியைப் பற்றிச் சொன்னேன். "தாய்ப்பால் வழியாட்டா?" என்று இரண்டு தடவை கேட்டார்.