52 வயதில் தொலைநிலைக் கல்வி வழியாக ஓவியம் பயிலலாமா?

கேள்வி:
லண்டனில் கணக்கராகப் பணிபுரியும் நான், பள்ளியை விட்ட பிறகு பென்சிலால் ஒரு கோடுகூட வரைந்ததில்லை. சமூகவியலாளர் மைக்கேல் யங் 1987இல் நிறுவிய திறந்தநிலைக் கலைக் கல்லூரியில் சேரும் எண்ணம் உள்ளது. ஆசிரியர் அருகில் இல்லாமல் கை படியுமா?

பதில் 1:
படியும், ஆனால் மெதுவாகத்தான். எதை வரைந்தோம், எங்கே பிசகியது, அடுத்து என்ன முயல்வோம் என்று எழுதிவரும் கற்றல் குறிப்பேட்டை ஆசிரியர் ஓவியத்துக்கு இணையாகவே மதிப்பார் என்பதால், முடித்த படங்களை மட்டும் சேர்த்து அனுப்புவது போதாது. தோற்றுப்போன ஓவியங்களைக் கிழித்துவிடாதீர்கள். (நான் கிழித்துவிட்டு வருந்தினேன்.)

பதில் 2:
பலரும் கவனிக்காதது, ஆசிரியருக்கு அனுப்ப ஓவியத்தை எடுக்கும் ஒளிப்படம். மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்த படத்தில் நீலம் சாம்பலாகத் தெரியும். அதைப் பார்த்து, ஓவியத்தில் இல்லாத குறையை ஆசிரியர் திருத்துவார். மேகமூட்டமான பகலில், சன்னலோரம், தாளுக்கு நேராகக் கைப்பேசியைப் பிடித்து எடுங்கள். நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தாள் வாங்குங்கள். மெல்லிய தாள் நனைந்தால் சுருளும். கரிக்கோலுக்கு மலிவான தாளே போதும்.

கேட்டவர்:
நன்றி. வார நாட்களில் எவ்வளவு நேரம் ஒதுக்குகிறீர்கள்?

பதில் 1:
தினமும் 30 நிமிடம், சமையலறை மேசையில். ஞாயிறன்று மட்டும் சற்றுக் கூடுதலாக.