ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டே பிரசவித்தவர்கள் இருக்கிறீர்களா?

எனக்கு இப்போது 35வது வாரம், இரண்டாவது குழந்தை. வலி வரும்வரை காத்திருப்பதா, தேதி குறித்து வலி வரவழைப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன்.

22வது வாரத்தில் இடது கால் தொடைவரை வீங்கியது. கர்ப்பத்தில் கால் வீங்குவது சகஜம்தான். ஆனால் வலது கால் எப்போதும்போல இருக்க, இடது மட்டும் சூடாக, கெண்டைக்காலைத் தொட்டாலே வலித்தது. டாப்ளர் ஸ்கேனில் தொடைச் சிரையில் ரத்தக்கட்டி என்று தெரிந்தது. அன்றிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க எனாக்ஸாபரின் ஊசி, முழு டோஸ், காலையும் இரவும். வயிற்றில் இடம் மாற்றி மாற்றித்தான் போடுகிறேன், அப்படியும் அங்கங்கே கன்றிப்போய்விட்டது. வீக்கம் வடிந்துவிட்டது.

ரத்தப் பரிசோதனையில் புரோட்டீன் எஸ் (ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் தடுக்கும் புரதம்) குறைவாக வந்தது. கர்ப்பத்தில் அது தானாகவே குறையும், பிரசவம் முடிந்து சில வாரங்கள் கழித்துப் பார்த்தால்தான் உறுதியாகும் என்றார் டாக்டர். ரத்தக்கட்டி வரவழைக்கக்கூடிய கார்டியோலிபின் ஆன்டிபாடி இல்லை. அம்மாவுக்கும் பிரசவத்துக்குப் பின் காலில் ரத்தக்கட்டி வந்திருக்கிறது.

முழு டோஸ் போட்டு 24 மணி நேரம் ஆகாமல், வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் ஊசியைப் போடமாட்டார்கள். அதனால் ஒரு டாக்டர் தேதி குறிக்கலாம் என்கிறார். இன்னொருவர், வலி எடுத்ததும் ஊசியை நிறுத்தினால் போதும் என்கிறார். இருவரிடமும் மறுபடி பேசிவிட்டேன், அவரவர் கருத்தில் உறுதியாக இருக்கிறார்கள்.

இரண்டு வேளை முழு டோஸில் இருந்து பிரசவித்தவர்களே, உங்களுக்கு இதில் எந்த வழியில் பிரசவம் நடந்தது, எப்படிப் போனது?