56 எப்படி 28 ஆனது? ஆஸ்கஸ் (பூஞ்சையின் ஸ்போர்ப் பை) எண்ணியவர்கள் சொல்லுங்கள்

நுண்ணோக்கி_கண்: சொர்டேரியா என்ற பூஞ்சையில் பிராக்டிகல். கறுப்பு ஸ்போர் வகையையும் டேன் என்கிற வெளிர்பழுப்பு வகையையும் ஒரே தட்டில் வளர்த்து, இரண்டும் சந்திக்கும் கோட்டிலிருந்து பெரித்தீசியம் (ஆஸ்கஸ் நிறைந்த சிறு குடுவை) எடுத்து நசுக்கி 200 ஆஸ்கஸ் எண்ணினேன். ஒவ்வொன்றிலும் எட்டு ஸ்போர் வரிசையாக. ஒரு நிறம் நான்கு, மறு நிறம் நான்கு என 4:4 என்று நின்றவை 88. 2:2:2:2, 2:4:2 என்று மாறி நின்றவை 112. அதாவது 56%. நிற ஜீன் சென்ட்ரோமியரிலிருந்து (குரோமோசோமின் இடுப்புப் பகுதி) 56 மேப் யூனிட் (குரோமோசோமில் தூரத்தின் அளவு) என்று எழுதினால், மேடம் சிவப்பு மையில் ‘÷2’ என்று மட்டும் போட்டுத் திருப்பிவிட்டார். சூத்திரம் மனப்பாடம்தான். ஏன் பாதி?

பூஞ்சைக்கிறுக்கன்: நானும் இதில் ஒரு வாரம் முட்டிக்கொண்டவன். ஒரு 2:2:2:2 ஆஸ்கஸைத் தாளில் வரையுங்கள். மியாசிஸ் (ஸ்போர் உருவாக இரண்டு கட்டமாக நடக்கும் பகுப்பு) தொடங்கும்போது குரோமடிட் (குரோமோசோமின் நகல் இழை) நான்கு. ஜீனுக்கும் சென்ட்ரோமியருக்கும் நடுவே ஒரு கிராசிங் ஓவர் நடந்தால் இரண்டு குரோமடிட்தான் துண்டு மாற்றிக்கொள்ளும், மற்ற இரண்டும் பழையபடியே. பிறகு ஒரு மைட்டாசிஸ் (அப்படியே இரட்டிக்கும் பகுப்பு), எட்டு ஸ்போர். அதில் ரீகாம்பினன்ட், அதாவது துண்டு மாறியவை, நான்குதான். மேப் யூனிட் என்பது நூறு ஸ்போரில் எத்தனை ரீகாம்பினன்ட் என்ற கணக்கு. நீங்கள் எண்ணியதோ ஆஸ்கஸ். 1600 ஸ்போரில் 112×4 = 448. வகுத்தால் 28. பாடப் பயிற்சிகளில் டேனுக்கு 26 என்பார்கள், எனவே உங்கள் கண் நல்ல கண்.

ஒரு சந்தேகம். எட்டும் ஒரே நிறமாக இருந்தவற்றை 88இல் சேர்த்தீர்களா? சொர்டேரியா தன்னோடு தானே கூடிக்கொள்ளும். அவை கலப்பே இல்லை.

நுண்ணோக்கி_கண்: இல்லை, விட்டுவிட்டேன். கவர் ஸ்லிப்பைக் கட்டைவிரலால் அழுத்தி முதல் ஸ்லைடு முழுக்கச் சிதறிப்போனது வேறு கதை. ஜீன் ரொம்பத் தூரத்தில் இருந்தால் மாறி நிற்பவை 100% ஆகுமா?

பூஞ்சைக்கிறுக்கன்: பொதுவாக ஆகாது. இரண்டு கிராசிங் ஓவர் நடந்த ஆஸ்கஸில் சராசரியாகப் பாதி மறுபடி 4:4ஆகத்தான் தெரியும். தூரம் கூடக் கூட மூன்றில் இரண்டு பங்குப் பக்கம் வந்து நின்றுவிடும், அதாவது 33 மேப் யூனிட். உங்கள் 28கூட உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். பொடோஸ்போரா ஆன்செரினா என்ற பூஞ்சை மட்டும் வம்புக்காரன்: அதன் மேட்டிங் டைப் ஜீன் (எதோடு கூடும் என்பதைத் தீர்மானிப்பது) கிட்டத்தட்ட எல்லா ஆஸ்கஸிலும் மியாசிஸின் இரண்டாம் பகுப்பில்தான் பிரிகிறது, அதாவது உங்கள் 112 போல மாறி நிற்கும் வகை. அந்த இடத்தில் ஏறக்குறைய எப்போதும் ஒரே ஒரு கிராசிங் ஓவர்.

மாவு_புளிக்குது: ஈஸ்ட்காரர்களுக்கு இந்த வசதி இல்லை. நான்கு ஸ்போரும் உருண்டையாக ஒட்டிக்கிடக்கும், வரிசை கிடையாது. அதனால் நாலாம் குரோமோசோமில் சென்ட்ரோமியரை ஒட்டியே இருக்கும் டிஆர்பி1 என்ற ஜீனைக் கலப்பில் சேர்த்துவிடுவோம். அது ஏறக்குறைய எப்போதும் முதல் பகுப்பிலேயே பிரிவதால், வேறு குரோமோசோமில் உள்ள நம் ஜீனோடு வைத்துப் பார்க்கும்போது டெட்ராடைப் (நான்கு ஸ்போரும் நான்கு விதமாக வந்தவை) எத்தனை சதவீதமோ, அதுதான் நம் ஜீனின் இரண்டாம் பகுப்புச் சதவீதம். அங்கேயும் ÷2 உண்டு.