காக்பிட் அழகுக்கு எவ்வளவு பிரேம் கொடுத்தீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

ஆனையூரிலிருந்து:

மே மாதம் எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். டிசிஎஸ் என்ற விமானம் ஓட்டும் கணினி விளையாட்டில் ஹார்னெட் போர் விமானத்தை எடுத்துக்கொண்டு, பறக்கும்போதே டேங்கரிடம் எரிபொருள் வாங்கப் பழகிக்கொண்டிருந்தேன். டேங்கருக்குப் பின்னால் தொங்கும் குழாயின் முனையில் கூடை போல ஒன்று இருக்கும். நம் விமானத்தின் மூக்கில் வலப்பக்கமாக நீளும் குழாயை அதற்குள் செருக வேண்டும். கூடைக்கும் எனக்கும் ஒரு முழம் இருக்கும்போது படம் ஒரு கணம் நின்று குதிக்கும். அந்தக் கணத்தில் கை ஸ்டிக்கைக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளியிருக்கும். படம் திரும்பும்போது கூடை தலைக்கு மேலே போயிருக்கும். ஒரே இரவில் பதினோரு முறை இப்படி ஆனது. எனக்குக் கைப்பக்குவம் வரவில்லை என்றுதான் இரண்டு வாரம் நினைத்திருந்தேன்.

கோளாறு கையில் இல்லை. 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு போட்ட பழைய லேப்டாப்பில் எல்லா செட்டிங்ஸையும் 'ஹை'யில் வைத்திருந்தேன். எல்லாம் விமானி உட்காரும் காக்பிட்டுக்காகத்தான். ஸ்விட்ச் ஓரங்களில் பெயின்ட் தேய்ந்து உலோகம் தெரிவதும், விமானம் திரும்பும்போது கண்ணாடிச் சட்டத்தின் நிழல் மடிமேல் ஊர்ந்து போவதும் அவ்வளவு பிடிக்கும். குறைக்க மனசே வரவில்லை.

திரையின் ஓரத்தில் எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை படம் (பிரேம்) என்ற எண், 40 என்றுதான் காட்டியது. அந்த எண்ணை நம்பியதுதான் தப்பு. 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்ட், 30 என்றால் 33.3. நடுவில் ஒரே ஒரு படம் 150 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டாலும் சராசரியில் அது தெரியாது. ஆனால் கூடையைத் தவறவிட அந்த ஒரு படம் போதும். அப்புறம் சராசரியை விட்டுவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஆகும் நேரத்தைக் காட்டும் வரைபடத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அதில்தான் விஷயம் புரிந்தது. காக்பிட்டில் எல்லாப் பொருளுக்கும் ஒரே செலவு இல்லை. தேய்ந்த பெயின்ட், எழுத்துகள், திருகாணிகள் எல்லாம் டெக்ஸ்சர், அதாவது பொருளின் மேல் ஒட்டும் படம். கார்டின் நினைவகத்தில் இடம் இருக்கும்வரை அவற்றால் பெரிய பாரம் இல்லை. இடம் போதாமல் போனால்தான் படம் திக்கும். பின்பக்கம் பார்க்கும் மிரர் அப்படி இல்லை. வெளி உலகத்தை வேறு கோணத்திலிருந்து இன்னொரு முறை வரைந்தால்தான் அதில் ஏதாவது தெரியும். இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும் டார்கெட்டிங் பாட் திரையும் அதே கதைதான்: அது இன்னொரு கேமரா, இன்னொரு உலகம். ரேடாரைக் காட்டும் திரையில் வெறும் கோடும் புள்ளியும் என்பதால் அதற்கு அவ்வளவு செலவு இல்லை. நான் டேங்கருக்குப் பின்னால் நிற்கும்போதும் பாட் காட்டும் திரைப் பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தேன், எந்தத் தேவையும் இல்லாமல்.

காக்பிட் திரைகளின் ரெசல்யூஷனுக்குத் தனியாக ஒரு செட்டிங் உண்டு. '1024, ஒவ்வொரு பிரேமும்' என்று இருந்ததை வெறும் 512 ஆக்கினேன். திரையில் எழுத்து சற்றே மங்கியது, படிக்க முடிகிறது. தரையின் டெக்ஸ்சரைக் குறைத்து, அந்த இடத்தைக் காக்பிட்டுக்கு விட்டேன். நிழலை நடுத்தரத்தில் நிறுத்தினேன். மிரரை அணைத்துவிட்டேன்.

சித்திரை வெயில் தனிக் கணக்கு. என் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. ராத்திரி பத்து மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடும். இருபது நிமிஷம் பறந்ததும் லேப்டாப் சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டிசம்பரில் ஓடிய அதே செட்டிங்ஸ் மே மாதம் ஓடாது. அதனால் 30க்கு மேல் போகாதபடி கட்டிவைத்தேன். என் திரை 60 ஹெர்ட்ஸ். 30 அதில் சரிபாதி என்பதால் ஒவ்வொரு படமும் ஒரே அளவு நேரம் நிற்கிறது. 45 வைத்துப் பார்த்தால் எண் பெரிது, கண்ணுக்கு மட்டும் தடுக்கிக்கொண்டே இருந்தது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

ஒத்தக்கடையிலிருந்து:

நான் அதே விளையாட்டில் மிக்-21 பிஸ் ஓட்டும் ஆள். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் நம் விமானப்படை மிக்-21க்கு விடை கொடுத்தது. அன்று ராத்திரி நான் மட்டும் ஒரு சுற்று போய்விட்டு வந்தேன். 1963லிருந்து இருந்த விமானம் இல்லையா.

அந்தக் காக்பிட்டில் ஹார்னெட் மாதிரிப் படம் காட்டும் திரைகள் கிடையாது. வட்டமான முள் கருவிகள்தான். முள் நகர்வதற்கு உலகத்தை இன்னொரு முறை வரைய வேண்டியதில்லை. ஹார்னெட் திணறும் என் மெஷினில் இது வழுக்கிக்கொண்டு போகிறது. இறங்கும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடுபாதை எதிரே வரும். அங்கே படம் திக்கினால் டயர் மிஞ்சாது. அந்தப் பச்சை கலந்த நீல உள்பூச்சின் மேல் மாலை வெயில் விழும்போது பாருங்கள். பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் காக்பிட்டைக் குறைப்பதற்கு முன்னால் விமானத்தை மாற்றிப் பார்க்கலாம்.

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து:

நான் விமானப்படையில் தரைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். பேரன் காட்டித்தான் இந்த விளையாட்டைப் பார்த்தேன். ஆனையூர்த் தம்பி தேய்ந்த பெயின்ட்டைப் பற்றிச் சொன்னது உண்மை. பூட்ஸ் உரசும் இடம், கை அடிக்கடி போகும் ஸ்விட்ச் எல்லாம் அப்படித்தான் இருக்கும்.

பேரன் காக்பிட்டை மூடும் கேனோபி கண்ணாடியில் கீறலே தெரியாமல் ஏதோ மாற்றிவைத்திருந்தான். கேட்டால், வெளியே நன்றாகத் தெரிகிறது தாத்தா என்கிறான். தம்பி, அந்தக் கண்ணாடிக்காக நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. அது கண்ணாடியே இல்லை, அக்ரிலிக். கரடுமுரடான துணி பட்டாலே கோடு விழுந்துவிடும். மென்மையான துணியால், அழுத்தாமல் துடைக்க வேண்டும். ஒரு பூச்சி அடித்து ஒட்டியிருந்தால் மேலே போனவருக்கு அது தூரத்து விமானமாகத் தெரியும். சூரியனைப் பார்த்துத் திரும்பும்போது மெல்லிய கீறல்கள் எல்லாம் பளபளத்து எதிரே உள்ளதை மறைக்கும். அது தொல்லைதான். அந்தத் தொல்லையோடுதான் அவர்கள் பறந்தார்கள். அதை எடுத்துவிட்டால் அவர்கள் பட்ட சிரமத்தில் பாதியை எடுத்துவிடுகிறீர்கள்.

திருமங்கலத்திலிருந்து:

ஐயா சொன்னதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. 2001இல் வந்த இல்-2 ஸ்டர்மோவிக் என்ற விமான விளையாட்டில் காக்பிட்டையே மறைத்துவிட்டுப் பறக்கலாம். சட்டம் கிடையாது, நாலு பக்கமும் வெட்டவெளி. 'காக்பிட் கட்டாயம்' என்று வைத்தால் ஆட்டமே வேறு. எதிரி சட்டத்துக்குப் பின்னால் ஒளிவான், நாம் தலையைச் சாய்த்துத் தேட வேண்டும்.

ஆனால் அதில் வரும் ஃபோக்-வுல்ஃப் 190 என்ற ஜெர்மன் போர் விமானத்தைப் பற்றி ஆடுபவர்களிடையே ஒரு நீண்ட வாக்குவாதம் இருந்தது. குறிபார்க்கும் கருவிக்குக் கீழே தடித்த சட்டம் பார்வையை மறைத்தது. நிஜ விமானத்தின் வரைபடத்தின்படி அளவு சரிதான். நிஜ விமானத்தில் முன்னால் இருந்தது குண்டு துளைக்காத தடிமனான கண்ணாடி, சாய்வாக நின்றது. தண்ணீருக்குள் வைத்த குச்சி வளைந்து தெரிவது போல அது ஒளியை வளைத்ததால், பைலட் கண்ணுக்குச் சட்டம் மெலிந்துதான் தெரிந்தது. விளையாட்டில் கண்ணாடி ஒளியை வளைக்கவில்லை. அளவு அச்சு அசலாக இருந்தும் பார்வை அசலாக இல்லை. எனவே கீறலைச் சேர்க்கும்போது எது பைலட் கண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும், ஐயா.

மேலூரிலிருந்து:

புது கார்டு உள்ளவர்களுக்கு ஒன்று. சின்ன அளவில் வரைந்து பெரிதாக்கும் அப்ஸ்கேலிங், 2.9 பதிப்பிலிருந்து டிசிஎஸ்ஸில் இருக்கிறது. பிரேம் கூடும். முந்தைய படங்களையும் சேர்த்துக் கலப்பதால் வேகமாக மாறும் உயர எண்கள் வால் விட்டுத் தெரியும், தூரத்துப் புள்ளி விமானமும் கரையும். நான் தரைத் தாக்குதலுக்கு மட்டும் போடுகிறேன், விமானங்கள் நெருங்கி மோதும் நாய்ச்சண்டைக்கு அணைத்துவிடுகிறேன்.

ஆனையூரிலிருந்து:

ஐயா, நானும் அதே கீறல் இல்லாத கண்ணாடியைத்தான் போட்டிருந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எடுத்துவிட்டேன். இருந்தாலும் ஒரு பிரேம்கூடக் குறையவில்லை. அதற்காகவா இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தேன் என்று இருந்தது.

நேற்று மிரர் இல்லை, பாட் பக்கம் மூடியிருந்தது, 30 அசையாமல் நின்றது. டேங்கர் மெதுவாக இடப்பக்கம் திரும்ப, எதிரே சூரியன், கண்ணாடி முழுக்க வெள்ளிக் கோடுகள். கூடை தெரியவில்லை. கண்ணை டேங்கரின் இறக்கையில் வைத்துக்கொண்டு அப்படியே முன்னால் நகர்ந்தேன். மூன்றாவது முயற்சியில் உள்ளே போய்விட்டது. எரிபொருள் எண் ஏற ஆரம்பித்தது.