சூரியன் தலைக்கு நேர் மேலே வந்தால் நண்பகல் சைட் எடுப்பது எப்படி?

கேடட்_தூத்துக்குடி:
எல்லோருக்கும் வணக்கம். பல்க் கேரியர் சரக்குக் கப்பலில் டெக் கேடட் (பயிற்சி அதிகாரி). இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையைத் தாண்டி மலாக்கா நீரிணை பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம். ஏப்ரல் முதல் வாரம், சூரியனின் டெக்ளினேஷன் (அது நேர் மேலே நிற்கும் அட்சரேகை) 6° வடக்கைத் தாண்டிவிட்டது. நாங்கள் 5°40' வடக்கில். கப்பலின் இடம் காண நண்பகல் சைட் எடுக்கிறேன். செக்ஸ்டன்டில் (உயரக் கோணம் அளக்கும் கருவி) சூரியனை இறக்கினால் அடிவானத்தில் உட்காராமல் விளிம்போடு ஓடிக்கொண்டே இருக்கிறது. செக்ஸ்டன்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தாலும், சூரியன் அடிவானத்தைத் தொட்டுப் போகும் வழக்கமான வளைவு தெரியவில்லை. கணக்குப் போட்டால் அட்சரேகை ஜிபிஎஸ்ஸிலிருந்து மூன்று மைல் தள்ளி வருகிறது. என் மேலதிகாரி செகண்ட் மேட் "இன்னைக்கு விட்டுடு" என்கிறார். விட வேண்டியதுதானா?

நைட்_வாட்ச்:
நானாக இருந்தால் விட்டுவிட்டு, சாயங்காலம் நட்சத்திரம் எடுப்பேன். இந்த மாதத்தில் தெற்கே அகத்திய நட்சத்திரம் கெனோபஸ், வடமேற்கே கபெல்லா, கிழக்கே ரெகுலஸ். மூன்றின் கோடுகளும் நன்றாக வெட்டும். அந்தப் பக்கம் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும், முன்கணக்கைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய_கேப்டன்:
தம்பி, விடாதே. உன் அட்சரேகையில் இந்த மாதிரி நாள் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வரும். மற்ற நாளில் நண்பகல் சூரியன் அட்சரேகையை மட்டும் தரும். இன்றைக்கு நாலே நிமிடத்தில் முழு பொசிஷனையும் தரும்.

முதலில் உன் மூன்று மைல். சூரியன் உச்சியிலிருந்து 25 மினிட்தான் (மினிட் என்றால் டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, கடலில் ஒரு மைல்) விலகி, நேர் வடக்கே நிற்கிறது. நீ 30 டிகிரி திரும்பி நின்று அளந்தால் அந்த 25 என்பது 21.7 ஆகத் தெரியும். போயிற்றா மூணு மைல்? சூரியன் தாழ்வாக இருக்கும்போது ஆட்டினாலே தப்பு தெரிந்துவிடும். உச்சியில் அந்த வளைவு அவ்வளவு தட்டை, கண்ணை நம்பவே முடியாது. அதனால் ஆஜிமுத்தை (சூரியன் இருக்கும் திசைக் கோணம்) முன்கூட்டியே கணக்குப் போட்டு, பிரிட்ஜ் விங்கில் திசை காட்டும் ஜைரோ ரிப்பீட்டரைப் பார்த்து அதே திசைக்கு நேராக நின்று சூரியனை இறக்கு.

அப்புறம் பிளாட்டிங், அதாவது வரைபடத்தில் குறிப்பது. இன்டர்செப்ட் முறை இங்கே உதவாது. சூரியன் ஒரே உயரத்தில் தெரியும் இடங்களெல்லாம் சேர்ந்தால் ஒரு வட்டம்; அந்த முறை அதன் ஒரு துண்டை நேர்கோடாக எடுத்துக்கொள்கிறது, உன் வட்டத்துக்கோ ஆரமே 25 மைல்தான். பேசாமல் வட்டத்தையே போடு. மையம், சூரியன் நேர் மேலே நிற்கும் புள்ளி. அதன் அட்சரேகை டெக்ளினேஷன், தீர்க்கரேகை 360-லிருந்து ஜிஎச்ஏ-வை (கிரீன்விச்சிலிருந்து மேற்கே சூரியன் இருக்கும் கோணம்) கழித்தது. ஆரம், 90 டிகிரியில் திருத்திய உயரம் போக மீதி. ஒரு மினிட்டுக்கு ஒரு மைல்.

நீ 85° கிழக்கில் இருந்தால் மெர்பாஸ் (சூரியன் உன் தீர்க்கரேகையைக் கடக்கும் நேரம்) 06:23 ஜிஎம்டி வாக்கில் வரும். அதற்கு இரண்டு நிமிடம் முன்னால் ஒன்று, மெர்பாஸில் ஒன்று, இரண்டு நிமிடம் கழித்து ஒன்று எடு. மூன்று வட்டமும் வெட்டும் இடம்தான் உன் பொசிஷன். சூரியனின் புள்ளி நிமிடத்துக்கு 15 மினிட் மேற்கே ஓடுகிறது. முதல் சைட்டில் ஆஜிமுத் 050 பக்கம், கடைசியில் 310 பக்கம். நாலு நிமிடத்தில் 100 டிகிரி சுற்றிவிடும்! நட்சத்திரத்துக்கு அந்திவரை காத்திருப்பானேன்?

நேரம் மட்டும் நொடி சுத்தமாக வேண்டும். நாலு நொடி தப்பினால் மையம் ஒரு மைல் நகர்ந்துவிடும்.

கேடட்_தூத்துக்குடி:
நன்றி கேப்டன். அந்த நாலு நிமிடத்தில் கப்பலும் நகருமே? அப்புறம், இரண்டு நாளாகக் காற்றே இல்லை, கொதிக்கிறது. டிப் (கண் உயரத்தால் அடிவானம் தாழ்ந்து தெரியும் அளவு) டேபிளை நம்பலாமா?

பழைய_கேப்டன்:
12 நாட் வேகத்தில் போனால் நாலு நிமிடத்தில் முக்கால் மைல்தான். முதல் வட்டத்தின் மையத்தைக் கப்பல் போகும் திசையில் 0.8 மைல், இரண்டாவதை 0.4 மைல் தள்ளிவிடு, போதும்.

டிப் நல்ல கேள்வி. கண் உயரம் 25 மீட்டர் என்றால் டேபிள் 8.8 மினிட் சொல்லும். ஆனால் அனல் நாளில் அடிவானம் ஏறி இறங்கும். மெர்பாஸில் வடக்கு அடிவானத்திலிருந்து ஒரு தடவை, உடனே திரும்பி தெற்கிலிருந்து ஒரு தடவை அள. தெற்கே 90 டிகிரிக்கு மேல் காட்டும், பயப்படாதே. இன்டெக்ஸ் எரர் (கருவியின் பிழை), செமி டயாமீட்டர் (சூரியனின் பாதி அகலம்) திருத்திவிட்டு இரண்டையும் கூட்டு. 180-க்கு மேல் எவ்வளவு வருகிறதோ அதில் பாதிதான் இன்றைய உண்மையான டிப்.

செகண்ட் மேட் கையில் ஸ்டாப்வாட்ச்சைக் கொடுத்து நிற்கவை. டெக்ளினேஷன் ஒரு நாளைக்கு 23 மினிட் வாக்கில் வடக்கே ஏறுகிறது, இன்னும் இரண்டு மூன்று நாள் இதே முறை செல்லும்.