ரத்தக்கட்டு: எண்ணெய் தேய்த்து உருவலாமா, பற்று போடலாமா?

மல்லிப்பந்தல்:
அம்மாவுக்கு 64 வயது. காலையில் கட்டில் விளிம்பில் முன்னங்கால் எலும்பை இடித்துக்கொண்டார். தோல் கிழியவில்லை. எலுமிச்சை அளவு வீங்கிக் கன்றியிருக்கிறது, நடக்க முடிகிறது. சூடாக எண்ணெய் தேய்த்து உருவச் சொல்கிறார்கள். செய்யலாமா?

காவேரிக்கரை:
இன்றைக்கு உருவவே கூடாது. உள்ளே உடைந்த நுண்குழாய்கள் இப்போதுதான் அடைபட்டுக்கொண்டிருக்கும். சூடு பட்டால் அவை விரியும், உருவினால் அடைப்பு விட்டுப்போகும், மறுபடி ரத்தம் கசியும். ஐஸை ஈரத்துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, 2 நாளுக்கு. வெறும் ஐஸ் பட்டால் தோல் புண்ணாகும். படுக்கும்போது காலுக்கு இரண்டு தலையணை. வலிக்கு பாராசிட்டமால் 500 மி.கி. போதும். டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் ரத்தக்கசிவைக் கூட்டலாம், வேண்டாம்.

அம்மிக்கல்:
பற்று மூன்றாம் நாளிலிருந்து. நெல்லிக்காய் அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து, ஒரு ஸ்பூன் கல்லுப்பு, அரை ஸ்பூன் மஞ்சள்தூள் சேர்த்துக் குழம்புப் பதம் வரும்வரை காய்ச்சுங்கள். உங்கள் முன்கையின் உட்புறத்தில் தொட்டுப் பார்த்து, பொறுக்கிற சூட்டில் தடவுங்கள். இதில் பெரும்பாலும் வேலை செய்வது வெதுவெதுப்புதான் என்பது என் கணிப்பு. காய்ந்ததும் உரித்தெடுக்காதீர்கள், வெந்நீர் விட்டு ஊறவைத்துக் கழுவுங்கள். மஞ்சளோடு சுண்ணாம்பு குழைத்தால் சிவப்பது சுண்ணாம்பின் காரத்தன்மையால். மருந்து ஏறியதன் அடையாளமில்லை. வயதானவர்களின் மெல்லிய தோலைச் சுண்ணாம்பு பொத்துவிடும்.

மல்லிப்பந்தல்:
நன்றி. அம்மா தினமும் ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிறார். சர்க்கரையும் உண்டு.

காவேரிக்கரை:
அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைக் குறைக்கும் மாத்திரை. அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் இன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். முன்னங்காலில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதை கிடையாது. தேங்கிய ரத்தம் தோலை நெட்டித் தள்ளினால், மேல்தோலுக்கு ரத்த ஓட்டம் நின்று அது செத்துப்போகும். வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து வையுங்கள். கோட்டைத் தாண்டினாலோ, தோல் பளபளவென்று இறுகிக் கறுத்தாலோ இரவென்றும் பார்க்காமல் கிளம்புங்கள்.

அம்மிக்கல்:
சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூட்டுப் பற்று வேண்டாம், கொப்புளம் வந்தாலும் தெரியாது. ஐஸும் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் துணியை எடுத்துத் தோலைப் பாருங்கள். கன்றல் சில நாளில் கணுக்கால்வரை இறங்கலாம், ரத்தம் கீழ்நோக்கி வடிவதுதான். பச்சையாகி, மஞ்சளாகி, மறைய 2 வாரம் ஆகும்.