புதுப்பிப்பு: தூறலுக்கே நின்றுபோன டிஷ் படம்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் உள்ள இலவச டிஷ், லேசாகத் தூறினாலே படத்தைக் கட்டம் கட்டமாக உடைக்கிறது என்று ஐப்பசித் தொடக்கத்தில் எழுதியிருந்தேன். பெரிய தட்டு வாங்கு என்றவர்கள் பாதி, பாலித்தீன் பையால் மூடு என்றவர்கள் மீதி.

கோளாறு தட்டில் இல்லை. தட்டின் முன்னே நீட்டிக்கொண்டு சிக்னலைப் பிடிக்கும் எல்என்பி என்ற கருவியின் முனையில் கேபிளைக் கழற்றினால் உள்ளே தண்ணீர். செம்புக் கம்பி பச்சை பூத்து, சுற்றியிருந்த வலை கறுத்துக் கிடந்தது. செட்டாப் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் அந்தக் கேபிள் வழியேதான் போகிறது. கறுத்த பகுதியை வெட்டியெறிந்து, புது கனெக்டர் மாட்டி, நீர்புகா டேப் சுற்றி, கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவாகத் தொங்கவிட்டேன். வழிந்துவரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பிறகு நல்ல வெயிலில், இலவச டிஷ் சேனல்களை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் இருக்கும் தென்கிழக்கு நோக்கித் தட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். செட்டாப் பாக்ஸ் டிவி திரையில் காட்டும் சிக்னல் எண்களில் பார்க்க வேண்டியது 'வலிமை' எண்ணை அல்ல, 'தரம்' எண்ணை. வெயிலில் ஏற்றி வைத்த தரம்தான் மழையில் கைகொடுக்கும். குறுக்கே நின்ற தென்னை மட்டையையும் கழித்தாயிற்று (ஈர்க்கு அம்மாவின் துடைப்பத்துக்குப் போய்விட்டது).

இப்போது தூறலுக்குப் படம் அசைவதில்லை. நாகப்பட்டினம் பக்கமிருந்து கருமேகம் ஏறிவந்து கொட்டும்போது மட்டும் போகிறது. தணிந்ததும் தானே வருகிறது. இந்தச் சிக்னலை ஏந்திவரும் கேயூ (Ku) பட்டை அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். பெருந்துளிகள் அதை விழுங்கும், சிதறடிக்கும். 60 செ.மீ. தட்டுக்குப் பதில் 90 செ.மீ. போட்டால் சிக்னல் சுமார் 3.5 டெசிபல், அதாவது இரண்டேகால் மடங்காகக் கூடும், ஆனால் அடைமழை அதற்கும் முழுதாக மசியாது. பாலித்தீன் பை வேண்டவே வேண்டாம்: அதன்மேல் படியும் நீர்ப்படலமே சிக்னலைக் குடித்துவிடும்.